எலி மருந்தும் என் சித்தியும்

"அது எலி மருந்துப்பா. அதைப் போயி மனுசனுக்குக் குடுக்குறாய்ங்க."

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, போடி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் காதில் விழுந்த வசனம் இது. சொன்னவர் தெரிந்த பெரியவர்தான், நல்ல மனுஷன். சொன்னதில் பாதி உண்மையும்கூட. ஆனால் அந்தப் பாதி உண்மைதான் என் சித்தியின் வலது கையை வாங்கிக்கொண்டது. அதனால் சும்மா கேட்டுவிட்டு எழுந்து வர முடியவில்லை. அங்கேயே வாக்குவாதம் செய்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்று. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. படிப்பது புள்ளியியல். 'லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு, எதை வைத்து முடிவு செய்கிறாய்?' என்று கேட்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தக் கேள்வியைத்தான் இங்கேயும் கேட்கப் போகிறேன்.

சித்தியின் கதை

சித்திக்கு 39 வயது. ரேஷன் கார்டு போடியில், வேலை மலையில். பூப்பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில் சித்தப்பாவோடு இருக்கிறார். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு இதுதான் வாழ்க்கை. விடியும் முன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் காய் எடுக்கப் போவார்கள். சிலர் சாயங்காலமே திரும்புவார்கள், சிலர் மேலேயே தங்கிவிடுவார்கள்.

சின்ன வயதில் சித்திக்கு அடிக்கடி தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வீக்கம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைக்கு வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அழிக்கக் கிளம்பும் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் இதய வால்வையும் சேர்த்து அடித்துவிடுகிற வியாதி. வசதியான நாடுகளில் அருகிவிட்டது. நம்மைப் போன்ற ஊர்களில் இன்னும் இருக்கிறது. முப்பது வயதில் ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்க ஆரம்பித்தபோதுதான் மிட்ரல் வால்வு சுருங்கிப்போனது தெரிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன் மதுரையில் ஆபரேஷன். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். எங்கள் கையிலிருந்து ஆபரேஷனுக்குப் பைசா போகவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் வேறு பெயரில் தொடர்ந்த இந்தத் திட்டம் இல்லையென்றால் சித்தி இன்று இல்லை. இதை நன்றியோடுதான் சொல்கிறேன். ராத்திரி லயத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு சித்தியின் நெஞ்சிலிருந்து கடிகாரம் மாதிரி 'டிக், டிக்' என்று சத்தம் கேட்கும். அதுதான் வால்வு.

அந்த வால்வில் ரத்தம் உறைந்து கட்டி சேராமல் இருக்க ஆயுசு முழுக்க அசிட்ரோம் மாத்திரை. எந்த அளவு சாப்பிட வேண்டும் என்பதை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். மாத்திரை சாப்பிடாத சாதாரண ஆளுக்கு அது 1 அளவில் இருக்கும். மிட்ரல் இடத்தில் செயற்கை வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தப்போக்கு. கயிற்றின் மேல் நடக்கிற கதைதான்.

முந்தைய வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் காய் எடுத்துவிட்டு வந்த சித்தியின் காலில் நாலைந்து அட்டைக்கடி. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது சகஜம். ஆனால் அன்று ரத்தம் நிற்கவில்லை. சுண்ணாம்பு வைத்துப் பார்த்தார்கள், காபித்தூள் வைத்துப் பார்த்தார்கள். விடிய விடிய இரண்டு துண்டு நனைந்தது. காலையில் பல் ஈறிலும் கொஞ்சம் ரத்தம். பக்கத்து லயத்து அக்கா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மதினி, அந்த மாத்திரைதான் உங்க ரத்தத்தைத் தண்ணியாக்குது. எலி மருந்தாம்ல. நிறுத்துங்க முதல்ல."

சித்தி நிறுத்தினார். ரத்தமும் நின்றது. எல்லோருக்கும் நிம்மதி.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில், டம்ளரை எடுக்கப் போன வலது கை எழவில்லை. பேச்சு குழறியது. ஜீப் பிடித்து, மலை இறங்கி, தேனி தாண்டி, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஓடிவிட்டது. அங்கே பார்த்தபோது ஐ.என்.ஆர். 1.1. வால்வில் சேர்ந்த கட்டி மூளைக்குப் போய்விட்டது. இன்றைக்குப் பேச்சு ஓரளவு திரும்பிவிட்டது. கை திரும்பவில்லை. காய் எடுக்கிற கை அது.

இதில் என்னை மிகவும் உறுத்துவது எது தெரியுமா? அட்டைக்கடியில் ரத்தம் போனதற்கு மாத்திரைதான் காரணம் என்று லயம் முழுக்கப் பேசியது. ஆனால் கை போனதற்கு மாத்திரையை நிறுத்தியது காரணம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அது 'விதி', 'காத்துக் கருப்பு'. ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, துண்டை நனைக்கிறது. வால்வில் சேருகிற கட்டி யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. மாத்திரை செய்த கெடுதல் கணக்கில் வருகிறது. மாத்திரை தடுத்த கெடுதல் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. தராசில் ஒரு தட்டை மட்டும் பார்த்துவிட்டு எடை சொல்கிறோம். ஏலக்காய்க்கு இப்படி எடை போட்டால் கமிஷன் கடையில் விடுவோமா?

சரி, இரண்டு தட்டையும் பார்ப்போம்

செயற்கை வால்வு வைத்தவர்கள் 13,000-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பல ஆய்வுகளை நெதர்லாந்து மருத்துவர்கள் ஒன்றாகத் தொகுத்து 1994-ல் வெளியிட்டார்கள். அதன்படி, 100 பேரை ஒரு வருஷம் கவனித்தால்:

மருந்தே இல்லாவிட்டால், உயிரையோ உறுப்பையோ எடுக்கிற அளவு பெரிய ரத்தக்கட்டி பாதிப்பு சுமார் 4 பேருக்கு.

ஆஸ்பிரின் போன்ற மாத்திரை மட்டும் என்றால் சுமார் 2 பேருக்கு.

அசிட்ரோம், வார்ஃபரின் வகை மாத்திரை என்றால் சுமார் 1 ஆளுக்கு.

அந்த வகை மாத்திரையால் வரும் பெரிய ரத்தப்போக்கு சுமார் 1.4 பேருக்கு.

மருந்தில்லாதவர்களுக்கு வால்வே அடைத்துக்கொள்ளும் ஆபத்து இதற்கு மேல் தனி. மிட்ரல் வால்வென்றால் கட்டி ஆபத்து இன்னும் அதிகம். ஆக, நாலு ஒன்றாகிறது. அதற்கு விலை 1.4. லாபம்தான், சந்தேகமே இல்லை. அதுவும் ஒரு வருஷக் கணக்கு. சித்தி மாதிரி 33 வயதில் வால்வு வைத்தவர் இன்னும் எத்தனை வருஷம் இதோடு வாழவேண்டும் என்று பெருக்கிப் பாருங்கள்.

ஆனால் நேர்மையாக இன்னொன்றும் சொல்லவேண்டும். இது அள்ளிக் கொட்டுகிற லாபம் இல்லை. அந்த 1.4 ஒன்றும் சின்ன எண் இல்லை. மூளைக்குள் ரத்தம் கசிந்தால் ஆள் பிழைப்பதே கஷ்டம். வயிற்றில் புண் இருப்பவர், குடிப்பவர், ஈரல் கெட்டவர், பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர் ஆகியோருக்கு ஆபத்து இன்னும் கூடும். இன்னொன்று, அந்த 1.4 என்பது டாக்டர் கண்காணிப்பில், ரத்தம் சோதித்து, அளவு மாற்றி மாத்திரை சாப்பிட்டவர்களின் கணக்கு. நாலு மாதமாக ரத்தமே சோதிக்காத சித்தியின் கணக்கு இல்லை.

என் மொத்த வாதமும் இங்கேதான் இருக்கிறது. இந்த மாத்திரையின் ஆபத்து மாத்திரைக்குள் மட்டும் இல்லை. பரிசோதனை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. அதே அசிட்ரோம், மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கிற மதுரைக்காரருக்கு ஒரு மருந்து. மலையில் இருக்கிற சித்திக்கு வேறொரு மருந்து.

எலி மருந்துக்காரர்களுக்கு

ஆமாம், எலி மருந்துதான். மறைக்க ஒன்றுமில்லை. 1920-களில் வட அமெரிக்காவில் கெட்டுப்போன ஒரு தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் விஸ்கான்சின் விவசாயி ஒருவர் செத்த மாட்டின் உறையாத ரத்தத்தைப் பால் கேனில் எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே கார்ல் பால் லிங்க் என்ற வேதியியல் பேராசிரியரின் குழு காரணப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. 1954-ல் மனிதர்களுக்கு அனுமதி. 1955-ல் மாரடைப்பு வந்த அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கே கொடுத்தார்கள். நம் அசிட்ரோம் அதன் பங்காளி.

எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசம் அளவு. எலிக்கு யாரும் ஐ.என்.ஆர். பார்ப்பதில்லை, அதனால் அது சாகிறது. அப்படியானால், வால்வை வைத்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, மலைக்கு அனுப்பிவிட்டு, அளவு பார்க்க வழி செய்யாமல் விட்டால் நாம் சித்தியை எதைப் போல நடத்துகிறோம்? டீக்கடைப் பெரியவர் மேல் இருக்கும் கோபத்தைவிட இந்தக் கேள்வி மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

அட்டை விஷயத்துக்கும் வருகிறேன். அட்டையின் உமிழ்நீரிலேயே ரத்தத்தை உறையவிடாத பொருள் இருக்கிறது. 1884-லேயே ஜான் ஹேகிராஃப்ட் என்பவர் இதைக் கண்டறிந்தார். மருத்துவ அட்டையில் கிடைக்கும் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஹிருடின் என்று பெயர் வைத்தார்கள். எந்த மாத்திரையும் சாப்பிடாதவருக்குக்கூட அட்டைக்கடி மணிக்கணக்கில் கசியும். அன்று ராத்திரி சித்தியின் ஐ.என்.ஆர். 3 என்றால், துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, மாத்திரையை வழக்கம்போல் தொடர்ந்திருக்கலாம். 7 என்றால், மாத்திரையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டும். ஒரே ரத்தம், நேர் எதிரான இரண்டு பதில்கள். எது சரி என்று சொல்ல ஒரு சொட்டு ரத்தமும் ஒரு கருவியும் போதும். அது இல்லை. அதனால் பக்கத்து லயத்து அக்கா டாக்டர் ஆனார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை.

"ஆஸ்பிரின் போதுமே"காரர்களுக்கு

இது படித்தவர்கள் சொல்லும் பொய் ஆறுதல். எங்கள் தெருவில் ஒரு தாத்தாவுக்கு எண்பதை நெருங்குகிற வயது. வால்வு பிரச்சினை இல்லை, ஆனால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன். இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருப்பதால் அங்கே ரத்தம் தேங்கிக் கட்டி சேரும். இது இருப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 5 மடங்கு. மிட்ரல் சுருக்கமும் சேர்ந்தால் சுமார் 17 மடங்கு. இரண்டும் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் நடந்த நீண்டகால ஆய்வில் வந்த கணக்குகள். தாத்தாவுக்கு ஒருவர் சொன்னது: "வயசானவரு, அந்த மாத்திரை வேணாம். ஆஸ்பிரின் போதும், சேஃப்."

சேஃபா? 75 வயதைத் தாண்டிய இதே வியாதிக்காரர்கள் 973 பேரிடம் இங்கிலாந்தில் பார்த்தார்கள். 2007-ல் வந்த முடிவு: பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு ஆஸ்பிரின் குழுவில் வருஷத்துக்கு 3.8 சதவீதம், வார்ஃபரின் குழுவில் 1.8. பெரிய ரத்தப்போக்கில் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. 'சேஃப்' என்று சொல்லிக் கொடுத்தது ரத்தப்போக்கையும் குறைக்கவில்லை, வாதத்தையும் சரியாகத் தடுக்கவில்லை.

அவசரப்பட்டு யாரும் ஆஸ்பிரினைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் வகைதான் உயிர். நம் ஊரில் எல்லாவற்றையும் 'ரத்தம் நீர்க்கிற மாத்திரை' என்று ஒரே பெயரில் சொல்வதால் வருகிற குழப்பம் இது. ரத்தத்தை எதுவும் நீர்க்கச் செய்வதில்லை. ஒன்று ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் பார்க்கிறது. இன்னொன்று உறையவைக்கும் புரதங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேறு வேறு வியாதிக்கு வேறு வேறு பூட்டு, வேறு வேறு சாவி.

"ஏத்த இறக்கத்துல விழுந்து மண்டை அடிபட்டா?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. 1999-ல் கனடா மருத்துவர்கள் இதைக் கணக்கு போட்டே பார்த்தார்கள். சராசரிப் பக்கவாத ஆபத்துள்ள ஒரு முதியவருக்கு, விழுவதால் வரும் ஆபத்து வார்ஃபரினின் லாபத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும் என்றால் அவர் வருஷத்துக்கு ஏறத்தாழ 295 முறை விழவேண்டும். இது கணக்கு மாதிரிதான், வேதவாக்கு இல்லை. இருந்தாலும் 'வயசானவர், விழுந்துடுவார்' என்ற ஒரே காரணத்தால் மருந்தை மறுப்பது சரியில்லை என்று சொல்ல இது போதும்.

"புது மாத்திரைக்கு மாத்திடுங்க"காரர்களுக்கு

ரிவராக்சபான், அபிக்சபான், டாபிகட்ரான் என்று புது மாத்திரைகள் இருக்கின்றன. ஐ.என்.ஆர். பார்க்க வேண்டாம், கீரைக்குக் கட்டுப்பாடு இல்லை. ஜெனரிக் வந்தபின் விலையும் இறங்கிவிட்டது. தெருத் தாத்தா போன்றவர்களுக்கு இது வரப்பிரசாதம். பெரிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மூளைக்குள் ரத்தக்கசிவு வார்ஃபரினைவிடப் பாதியாகக் குறைந்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்தால் போதும். மலையில் இருக்கிற அப்படிப்பட்டவருக்கு இன்னும் ஆஸ்பிரினை நீட்டுவது சோம்பேறித்தனம்.

ஆனால் சித்திக்கு? கூடாது. செயற்கை வால்வு வைத்தவர்களிடம் டாபிகட்ரானைச் சோதித்தபோது கட்டியும் கூடியது, ரத்தப்போக்கும் கூடியது. பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு வந்தது 2013-ல். அபிக்சபானை ஒருவகை வால்வில் சோதித்ததையும் 2022-ல் அதேபோல் நிறுத்தினார்கள்.

2022-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்கு மிக முக்கியம். பெயர் இன்விக்டஸ். டெல்லி எய்ம்ஸ் இதயநோய் மருத்துவர் கணேசன் கார்த்திகேயன் இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில், ருமாட்டிக் வால்வு வியாதியும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷனும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்கள். சராசரி வயது 50. நூற்றுக்கு 72 பேர் பெண்கள். அதாவது ஆபரேஷனுக்கு முந்தைய என் சித்தியைப் போன்றவர்கள். புது மாத்திரையான ரிவராக்சபான் ஜெயிக்கும் என்றுதான் பலரும் நினைத்தார்கள். நடந்தது தலைகீழ். ரிவராக்சபான் குழுவில் 552 சாவுகள், பழைய வகை மாத்திரைக் குழுவில் 442. ரத்தப்போக்கிலும் பழையது மோசமில்லை.

இதில் ஓர் எண்ணைக் கவனியுங்கள். ஆய்வில் சேரும்போது பழைய மாத்திரைக்காரர்களில் மூன்றில் ஒருவருக்குத்தான் ஐ.என்.ஆர். சரியான அளவில் இருந்தது. ஆய்வு நடந்த காலத்தில் அது 56 முதல் 65 சதவீதம் வரை ஏறியது. மருந்து அதேதான், ஜனங்களும் அவர்களேதான். மாறியது ஒன்று: ஒழுங்காகக் கூப்பிட்டு ரத்தம் பார்த்தார்கள். சாவு ஏன் குறைந்தது என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. அடிக்கடி டாக்டர் முகத்தைப் பார்த்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு ஆச்சரியமில்லை.

அப்போ யார் என்ன செய்யணும்?

சித்தி ஐ.என்.ஆர். பார்க்க வேண்டுமென்றால் அது எப்படி என்று சொல்கிறேன். ஒரு நாள் கூலி போச்சு. மலையிலிருந்து போடிக்கு ஜீப், ஒன்றரை மணி நேரம். மலையடிவாரத்து ஒரு சுகாதார நிலையத்தில் கேட்டால், "இங்க அதெல்லாம் பாக்குறதில்லம்மா, தேனிக்குப் போங்க." தனியார் லேபில் கொடுத்தால் சில நூறு ரூபாய், ரிசல்ட் சாயங்காலம். மேலே போகும் ஜீப் அதற்குள் கிளம்பிவிடும். அப்புறம் மதுரைக்குப் போன் போட்டு அளவு கேட்க வேண்டும். இதை மாதம் ஒருமுறை, சாகும்வரை. நீங்களாக இருந்தால் எத்தனை மாதம் செய்வீர்கள்? "இவங்களுக்கெல்லாம் அக்கறையே இல்லை" என்று மலைக்காரர்களைத் திட்டுகிறவர்கள் ஒரு தடவை அந்த ஜீப்பில் போய்வாருங்கள்.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை. சர்க்கரை பார்க்கிற மாதிரியே விரலில் குத்தி ஒரு சொட்டில் ஐ.என்.ஆர். பார்க்கும் கைக்கருவி பல வருஷமாக இருக்கிறது. சில நாடுகளில் நோயாளியே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அப்படி வீட்டிலேயே பார்த்தவர்களைப் பற்றிய ஆய்வுகளை 2012-ல் தொகுத்தபோது, ரத்தக்கட்டி பாதிப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. ரத்தப்போக்கு கூடவில்லை. பட்டை விலை சர்க்கரைப் பட்டையைவிட அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வால்வு ஆபரேஷனுக்கு அரசாங்கம் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லட்சம் கொடுத்து வண்டி வாங்கிவிட்டு எண்ணெய்க்குக் காசில்லை என்கிறோம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை போனது. முடியும் என்று அது காட்டிவிட்டது. அந்தப் பையில் ஓர் ஐ.என்.ஆர். கருவியும் போகட்டும். வால்வு வைத்தவர்கள் பெயர்ப் பட்டியல் காப்பீட்டுத் திட்டத்திடம் இருக்கிறது, தேடி அலைய வேண்டியதில்லை. குரங்கணி, போடிமெட்டு, அந்தப் பக்கம் பூப்பாறை, சாந்தன்பாறை. மலை ஒன்று, மாநிலம் இரண்டு. சித்தியின் நோட்டுப் புத்தகத்தை இரண்டு பக்கத்து நர்ஸும் பார்த்து எழுதினால் கேரளாவுக்கும் குறைச்சல் இல்லை, தமிழ்நாட்டுக்கும் குறைச்சல் இல்லை. இதய வால்வையே இந்தப் பக்கத்தில் செய்தவர்கள் நாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிலையத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கிய சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுக்குக் காசில்லாதவர்களும் பிழைக்கவேண்டும் என்று வேலை செய்தார்கள். அந்த அக்கறை ஆபரேஷன் தியேட்டர் வாசலோடு நின்றுவிடலாமா?

வீட்டில் அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் இருந்தால், சித்தியின் கையைக் கொடுத்து நாங்கள் கற்றுக்கொண்டது இவ்வளவு:

1. தினமும் ஒரே நேரம். சாப்பிட்டதும் காலண்டரில் டிக் அடியுங்கள். ஒரு வேளை மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

2. கீரையை விடவேண்டாம். முருங்கையோ அகத்தியோ, வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு. ஒரு வாரம் கட்டுக்கட்டாக, மறுவாரம் ஒன்றுமேயில்லை என்பதுதான் வம்பு.

3. உடம்பு வலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்கும் டைக்ளோ வகை மாத்திரை ஆபத்து. இடுப்பில் ஊசி போடும் முன்பும் சொல்லிவிடுங்கள். வேறு மருந்தோ நாட்டு மருந்தோ ஆரம்பித்தால் ஐ.என்.ஆர். பாருங்கள்.

4. பல் பிடுங்கவோ, ரத்தம் கசிந்ததற்காகவோ நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்வு வைத்த டாக்டரைக் கேளுங்கள்.

5. தலையில் அடி, திடீர்த் தலைவலி, கறுப்பாக மலம், நிற்காத ரத்தம், வாய் கோணல், கை கால் மரத்துப் போதல் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி.

6. கல்யாணமாகிக் குழந்தை பெறும் வயதுப் பெண் என்றால், கர்ப்பமாவதற்கு முன்பே டாக்டரிடம் பேசவேண்டும். இந்த மாத்திரை முதல் மாதங்களில் கருவைப் பாதிக்கலாம், நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பது தனிக் கொடுமை.

டீக்கடைப் பெரியவருக்குத் திரும்ப வருகிறேன். கிளம்பும்போது அவர் கேட்டார்: "சரிப்பா, மாத்திரை நல்லதுங்குறியா, கெட்டதுங்குறியா?" அப்போது பதில் வரவில்லை. இப்போது சொல்கிறேன். சித்திக்கு அது இல்லாமல் முடியாது ஐயா. ஆனால் அளவு பார்க்க ஆளில்லாமல் அது மட்டும் இருந்தும் பிரயோஜனமில்லை. 'மாத்திரையை நிறுத்து' என்று சொன்ன நம் எல்லோருடைய வாயும் 'மலைக்கு மெஷினைக் கொண்டுவா' என்று சொல்லியிருந்தால், சித்தி இந்த வருஷமும் காய் எடுக்கப் போயிருப்பார்.

சித்தி இப்போது இடது கையால் காய் பொறுக்கப் பழகுகிறார். மாத்திரையையும் இடது கையால்தான் எடுத்துப் போட்டுக்கொள்கிறார். ஒரு நாளும் தவறுவதில்லை.

டிஸ்கி: மேலே சொன்னபடி நான் டாக்டர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை ஆரம்பிக்கவோ, நிறுத்தவோ, மாற்றவோ வேண்டாம். உங்கள் டாக்டரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் கடைசி ஐ.என்.ஆர். எவ்வளவு, அடுத்தது எப்போ?"